காகம் இருக்கப் பனம்பழம் விழுந்ததா? பெற்றோல் குடிக்கும் காரும் கொஞ்சம் அளவையியலும்

"இஞ்சின் செய்து எடுத்த பிறகு வாகனம் பெற்றோல் குடிக்குது" என்று எங்கட பக்கத்துக் கராஜ் எதிலாவது போய்ச் சொல்லிப் பாருங்கள். மூன்று பதிலில் ஒன்று வரும். "புது இஞ்சின் மாதிரி அண்ணை, ஓடி ஓடித்தான் சரிவரும்." "பழைய வாகனம், இனி இப்பிடித்தான்." "இப்ப வாற பெற்றோல் சரியில்லை." மூன்றுமே சில வேளைகளில் உண்மையாக இருக்கக்கூடிய பதில்கள்தான். ஆனால் சொல்பவர் எதையும் அளந்து பார்த்துவிட்டுச் சொல்வதில்லை.

மறுபக்கத்தில் வாகனக்காரர். அவரிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. "கராஜுக்குப் போக முதல் நல்லா ஓடினது. அவங்கள்தான் பழுதாக்கினவங்கள்." காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை இது. காகம் வந்து குந்தியதும் பழம் விழுந்ததும் அடுத்தடுத்து நடந்தன என்பதற்காகக் காகம்தான் விழுத்தியது என்று சொல்ல முடியாது. ஆனால் காகம் விழுத்தவில்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. பழம் எவ்வளவு கனிந்திருந்தது, காகம் எங்கே குந்தியது என்று யாராவது பார்த்து வைத்திருக்க வேண்டும். எங்கட கராஜ்களிலும் வீடுகளிலும் யாரும் பார்த்து வைப்பதில்லை, எழுதி வைப்பதில்லை. அதனால் வாகனக்காரர் காசை இழக்கிறார், மெக்கானிக் பேரை இழக்கிறார், உண்மையான பழுது அப்படியே இருக்கிறது. நான் எழுத வந்தது இதைப்பற்றித்தான்.

நான் கலைப்பீட மாணவி. ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படித்தவள். அந்தப் பாடத்தைச் சோதனை முடிந்ததோடு கட்டி வைத்துவிட வேண்டியதில்லை என்று எனக்குச் சொல்லித்தந்தது ஒரு பழைய கார்.

ஜோன் ஸ்டுவர்ட் மில் 1843இல் வெளியிட்ட அளவையியல் நூலில் வருகிற வேற்றுமை முறையை உயர்தரத்தில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு சந்தர்ப்பங்கள். எல்லாம் ஒரே மாதிரி, ஒன்றே ஒன்றைத் தவிர. ஒன்றில் விளைவு நடக்கிறது, மற்றதில் நடக்கவில்லை. அப்படியென்றால் வேறுபடுகிற அந்த ஒன்று காரணம், அல்லது காரணத்தின் பகுதி. திருத்த வேலைக்குப் போய் வந்த வாகனம் இந்த முறைக்குச் செய்து வைத்த மாதிரி ஒரு உதாரணம். அதே கார், அதே சாரதி, அதே வீதி. இடையில் நடந்தது கராஜ் வேலை. அந்த வேலையில் கை வைத்த இடங்களை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தால் காரணம் அகப்பட வேண்டும்.

இது ஏன் நடைமுறையில் சரிவருவதில்லை? மூன்று காரணங்கள். ஒன்று, முதலில் எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு, கராஜில் ஒரே தரத்தில் இருபது இடத்தில் கை படுகிறது, எந்த இடம் என்று எழுதப்படுவதில்லை. மூன்று, வாகனம் கராஜில் நின்ற நாட்களில் வேறு விடயங்களும் நடந்திருக்கும். அவற்றுக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம்.

காசுக் கணக்கு

பெற்றோல் செலவு சின்ன விடயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடுகிற ஒரு ஹயர் கார். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடினால் 125 லீற்றர் வேண்டும். அது 8 ஆகக் குறைந்தால் 187.5 லீற்றர். வித்தியாசம் 62.5 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று கணக்குக்கு வைத்தால் மாதம் 18,750 ரூபா. ஹயர் ஓடிப் பிழைக்கிற வீட்டில் இது ஒரு பிள்ளையின் டியூசன் காசும் கரண்ட் பில்லும் சேர்ந்த தொகை.

2022இல் இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாவுக்குப் போனது. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். அந்த நாலு லீற்றரில் எத்தனை தரம் சந்தைக்குப் போய் வரலாம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. 2023 செப்டெம்பரில் கியூஆர் முறை போனது, அதோடு அந்தப் பழக்கமும் போனது. இப்போது திரும்பவும் "ஆயிரத்துக்கு அடியுங்கோ" என்கிறோம். ரூபாக் கணக்கில் பெற்றோல் அடிக்கிறவருக்கு தன் வாகனம் எவ்வளவு குடிக்கிறது என்று தெரியவே தெரியாது. ஏனென்றால் விலை மாறிக்கொண்டே இருக்கிறது, அளவுகோலும் அதோடு சேர்ந்து மாறுகிறது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் புது வாகனத்தின் விலை எங்களைப் போன்ற வீடுகளுக்கு எட்டாத உயரத்தில்தான். ஆகவே 25, 30 வயதுக் கார்களைத் திருத்தித் திருத்தி ஓடுகிறோம். திருத்த வேலை சரியாக நடக்கிறதா என்பது எங்கட ஊரில் எத்தனையோ வீடுகளின் அடுப்போடு சம்பந்தப்பட்ட கேள்வி.

ஒரு கொரோலாவின் கதை

சித்தப்பா வவுனியாவில் ஹயர் ஓடுகிறவர். அவருடையது ரொயோட்டா கொரோலா 110, 5ஏ இஞ்சின். போன மாரிக்கு முன் தண்ணீர் இறங்கிச் சூடேறி ஹெட் கஸ்கற் போய்விட்டது. கராஜில் விட்டார். ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்துச் சீவி, புதுக் கஸ்கற் போட்டு, கழற்றினதோடு ரைமிங் பெல்ற்றும் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று கிழமை எடுத்தது. இஞ்சின் பஞ்சு மாதிரி ஓடியது. சூடு ஏறவில்லை. எல்லோருக்கும் சந்தோசம்.

ஆனால் சித்தப்பாவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. ஹயர் கணக்கு எழுதுகிற கொப்பி. மீற்றர் எவ்வளவு, பெற்றோல் எத்தனை லீற்றர், எந்த ஊருக்கு ஹயர் என்று நாலு வருசமாக எழுதி வருகிறார். அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. அந்தக் கொப்பியின்படி வேலைக்கு முதல் லீற்றருக்கு 12. வேலைக்குப் பிறகு 8. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். முதல் 12 லீற்றருக்குக் குறைவாக முடிந்த ஓட்டம் இப்போது பதினேழரை லீற்றர் கேட்டது.

திரும்ப அதே கராஜ். முதல் தரம் "ஓடி ஓடிச் சரிவரும்." இரண்டாம் தரம் பிளக் நாலும் மாற்றி, பெற்றோல் ஃபில்ற்றர் மாற்றி, இஞ்செக்டர் கழுவினார்கள். மூன்றாம் தரம் ஒரு பாவித்த பெற்றோல் பம்ப். மொத்தம் 38,000 ரூபா. ஓட்டம் 8இலேயே நின்றது. அந்த மூன்றாம் தரம் நானும் கூடப் போயிருந்தேன். "ஹெட் வேலை செய்யேக்க வேற என்னென்ன கழற்றினீங்கள்?" என்று கேட்டேன். "தங்கச்சி, இது உங்களுக்குச் சொன்னாலும் விளங்காது" என்றார். எனக்கு விளங்குமா இல்லையா என்பது வேறு விடயம். கேள்விக்கு அவரிடமே பதில் இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முதல் செய்த வேலை, அதற்குப் பிறகு எத்தனை வாகனம். எழுதி வைக்காவிட்டால் யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?

பிறகு சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர் சொல்லி, வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனோம். கொட்டில் மாதிரி ஒரு சின்ன இடம். அவர் பொனெற்றைத் திறக்க முதல் மூன்று கேள்வி கேட்டார். "முந்தி எவ்வளவு ஓடினது? எப்பிடி அளந்தனீங்கள்? என்ன வேலைக்குக் குடுத்தனீங்கள்?" சித்தப்பா கொப்பியைக் கொடுத்தார். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்து நிமிசம் கொப்பியைத்தான் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒண்டொண்டாச் செய்வம். ஒண்டு செய்ததும் ஒரு ராங்க் ஓடிப்போட்டு வாங்கோ. எல்லாத்தையும் ஒண்டாச் செய்தால் எது எண்டு தெரியாது."

மில்லை அவர் படித்திருக்க மாட்டார். ஆனால் இது மில்தான்.

முதலில் சில்லு. ஓடி வந்த கையோடு நாலு சில்லிலும் கை வைத்துப் பார்த்தார். பின் இடது பக்கம் நல்ல சூடு. ஜாக் வைத்துத் தூக்கிச் சுற்றினால் அந்தச் சில்லு இறுகிச் சுற்றியது. காரை மூன்று கிழமை மாரி மழையில் ஹான்ட் பிறேக் போட்டு வெளியே விட்டிருக்கிறார்கள். கேபிள் துருப்பிடித்து பிறேக் முழுதாக விடவில்லை. கழற்றித் துப்புரவாக்கினார். அடுத்த ராங்க்: 8.8.

இரண்டாவது தேர்மோஸ்டற். ஏ9 வீதியில் ஓடும்போது சூட்டு முள் எங்கே நிற்கிறது என்று சித்தப்பாவைக் கேட்டார். "கீழதான் நிக்கும், இப்ப நல்ல குளிர்" என்று சித்தப்பா பெருமையாகச் சொன்னார். அவர் சிரித்தார். ஹவுசிங்கைக் கழற்றினால் உள்ளே தேர்மோஸ்டற் இல்லை. கழற்றி எறிந்திருக்கிறார்கள். புதிது போட்டார். அடுத்த ராங்க்: 9.9.

மூன்றாவது ரைமிங். அடுத்த ராங்க்: 11.7. திரும்ப 12 வரவில்லை. ஆனால் ராங்க் நிரப்பி அளக்கிற முறையில் 0.3 என்பது பம்ப் எந்த இடத்தில் நிறுத்தியது என்பதிலேயே போய்விடுகிற வித்தியாசம். வேலைக்குச் சித்தப்பா கொடுத்தது 7,000 ரூபாவும் தேர்மோஸ்டற் காசும்.

இந்த மூன்றையும் ஒருக்கால் பிரித்துப் பாருங்கள். ரைமிங் வேலையில் விட்ட பிழை. தேர்மோஸ்டற் வேண்டுமென்றே செய்த "முன்னேற்றம்". பிறேக் இஞ்சின் வேலையோடு சம்பந்தமே இல்லாதது, கார் நின்றதால் வந்தது. ஆகவே "எல்லாம் அவங்கள் செய்த வேலை" என்ற சித்தப்பாவும் முழுக்கச் சரியில்லை. "எங்கட வேலையில பிழையில்லை" என்ற கராஜும் சரியில்லை. காகம் விழுத்திய பழமும் இருந்தது, தானாக விழுந்த பழமும் இருந்தது.

கழற்றி எறிந்த தேர்மோஸ்டற்

தேர்மோஸ்டற் விடயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது எங்கட நாட்டில் கன கராஜ்களில் நடப்பது. "இது குளிர் நாட்டுக்குச் செய்த சாமான், எங்கட வெக்கைக்குத் தேவையில்லை" என்பது விளக்கம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் எங்கட வெயில் 35 பாகை. இஞ்சின் ஒழுங்காக வேலை செய்ய வேண்டியதோ 80 பாகைக்கு மேல். இஞ்சினுக்கு யாழ்ப்பாணத்து வெயிலும் குளிர்தான்.

தேர்மோஸ்டற்றுக்குள் ஒரு மெழுகு இருக்கிறது. தண்ணீர் சூடேறும்போது அது விரிந்து வழியைத் திறக்கும். அதுவரைக்கும் தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாது. அதைக் கழற்றினால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேற்றருக்குள் போய்க் குளிர்ந்துகொண்டே இருக்கும். வேகமாக ஓடும்போது காற்றும் அடிக்க இஞ்சின் தன் சூட்டுக்கு வரவே வராது. இஞ்செக்டர் உள்ள வாகனத்தில் கம்பியூட்டர் தண்ணீரின் சூட்டைச் சென்சரால் பார்த்துத்தான் எவ்வளவு பெற்றோல் விடுவது என்று முடிவெடுக்கிறது. குளிர்ந்த இஞ்சினில் பெற்றோல் சரியாக ஆவியாகாது, அதனால் கூட விட வேண்டும் என்பது அதற்குச் சொல்லிக் கொடுத்த விதி. ஆகவே அது காலையில் ஸ்டார்ட் பண்ணின இஞ்சினுக்குக் கொடுக்கிற மாதிரி நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கம்பியூட்டர் பிழை விடவில்லை. பிழையான நிலைமையில் சரியான வேலை செய்கிறது.

கராஜ்காரரின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சூடேறி ஹெட் போன கார் திரும்பவும் சூடேறி வந்தால் அவர் பேர் கெட்டுப் போகும். தேர்மோஸ்டற்றைக் கழற்றினால் அந்தப் பயம் குறைகிறது. பெற்றோல் கூடக் குடிக்கும், ஆனால் அது மெதுவாகத்தான் தெரியவரும், அதற்கு வேறு காரணம் சொல்லிவிடலாம். தன்னுடைய ஆபத்தைக் கழற்றி வாகனக்காரரின் மாதச் செலவில் பூட்டிவிடுகிற வேலை இது. கேட்காமல் செய்வதுதான் எனக்குக் கோபம். "கழற்றட்டோ அண்ணை? பெற்றோல் கொஞ்சம் கூடப் போகும்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சித்தப்பா முடிவெடுத்திருப்பார்.

ரைமிங் விடயம் வேறு மாதிரி. அந்த இஞ்சினில் டிஸ்ரிபியூற்றர் ஹெட்டில்தான் பூட்டியிருக்கிறது. ஹெட் வேலை செய்தால் ரைமிங்கைத் திரும்ப வைக்க வேண்டும். வைத்திருக்கிறார்கள், லைற் அடித்துப் பார்த்து 10 பாகைக்கும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு முதல் பொனெற்றுக்குக் கீழே இருக்கிற டயக்னோசிஸ் பெட்டியில் ரீ.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயர்த் துண்டால் இணைக்க வேண்டும். இணைத்தால்தான் கம்பியூட்டர் தன் பங்குக்கு ரைமிங்கைக் கூட்டாமல் நிற்கும். இணைக்காமல் 10 வைத்தால் அந்த 10க்குள் கம்பியூட்டர் கூட்டினதும் அடங்கியிருக்கும், உண்மையான ரைமிங் பின்னுக்கு நிற்கும். தீப்பொறி பிந்தினால் பெற்றோல் எரிந்து வருகிற பலத்தின் ஒரு பகுதி பிஸ்டனைத் தள்ளாமல் சைலன்சரால் போய்விடும். சாரதி அறியாமலே காலைக் கூட அமத்துவார். ஒரு சாண் வயர். இதற்காக மூன்று மாதம்.

கை பட்ட இடங்கள்

சித்தப்பாவின் காரில் இல்லாவிட்டாலும் இஞ்சின் வேலைக்குப் பிறகு பார்க்க வேண்டிய வேறு இடங்களும் உண்டு. ரைமிங் பெல்ற் ஒரு பல்லுத் தள்ளிப் பூட்டப்பட்டிருந்தாலும் இஞ்சின் ஓடும், ஆனால் பலம் குறையும். சைலன்சர் பக்கத்து மனிஃபோல்ட் கழற்றினால் கஸ்கற்றால் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, "பெற்றோல் காணாது" என்று சென்சர் பொய்ச் செய்தி அனுப்பும், கம்பியூட்டரும் அதை நம்பிக் கூட விடும். தண்ணீரின் சூட்டைப் பார்க்கிற சென்சரின் வயர் திரும்பப் பூட்டுப்பட்டதா? வக்கூம் ஹோஸ் எல்லாம் அதது இடத்தில் இருக்கிறதா? வால்வ் இடைவெளி பார்க்கப்பட்டதா? இஞ்சினை இறக்கி ஏற்றியிருந்தால் கிளச் வழுக்குகிறதா? பழைய கார்பரேற்றர் வாகனம் என்றால் சோக் முழுதாகத் திறக்கிறதா, ஃப்ளோட் மட்டம் சரியா?

"ஓடி ஓடிச் சரிவரும்" என்பதையும் இந்த இடத்தில் பரிசோதிக்கலாம். சிலிண்டர் போர் அடித்து, பிஸ்டன் றிங் புதிதாகப் போட்டிருந்தால் அதில் உண்மை உண்டு. றிங் சிலிண்டரோடு உரசிப் பொருந்தக் கொஞ்சத் தூரம் ஓட வேண்டும். அதுவரை இழுவை கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ஆனால் சித்தப்பாவின் காரில் றிங்கில் யாரும் கை வைக்கவேயில்லை. ஹெட் மட்டும்தான். ஓடிப் பொருந்துவதற்கு அங்கே புதிதாக எதுவும் இல்லை. ஆகவே அடுத்த முறை இந்தப் பதில் வந்தால் "றிங் மாத்தினீங்களோ?" என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

ஸ்கானர் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது சின்னக் கராஜ்களிலும் ஸ்கானர் இருக்கிறது. பூட்டிப் பார்த்து "ஒரு பிழையும் காட்டேல்லை" என்றால் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். வரலாறு படிக்கிற என் சிநேகிதிகள் ஒரு ஆவணத்தை எப்படி வாசிப்பார்களோ அப்படித்தான் ஸ்கானரையும் வாசிக்க வேண்டும். யார் எழுதியது, அவர் எதைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தார்? ஸ்கானர் சென்சர்கள் சொல்வதை மட்டுமே சொல்லும். இறுகின பிறேக்கையோ காற்றுக் குறைந்த ரயரையோ அதற்குத் தெரியாது. அதில் உண்மையில் பார்க்க வேண்டியது ஃபியூவல் ட்ரிம் என்ற எண். கம்பியூட்டர் தன் கணக்கை விட எத்தனை வீதம் கூட்டியோ குறைத்தோ பெற்றோல் விடுகிறது என்று அது காட்டும். அது நல்லாக் கூடியிருந்தால் எங்கோ காற்றுக் கசிவு அல்லது பெற்றோல் அமுக்கம் காணாது. நல்லாக் குறைந்திருந்தால் எங்கோ பெற்றோல் கூடக் கசிகிறது. பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தும் வாகனம் குடிக்கிறதென்றால் சில்லு, பிறேக், கிளச், ரைமிங் பக்கம் போக வேண்டும். ஸ்கானர் ஒரு சாட்சி. நீதவான் வேலையை நாங்கள்தான் செய்ய வேண்டும்.

நாங்கள் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

மெக்கானிக் எல்லோரையும் கள்ளர் ஆக்குவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கட பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது: சாமானுக்குக் காசு கொடுப்போம், யோசித்ததுக்குக் காசு கொடுக்க மாட்டோம். பம்ப் மாற்றி 20,000 எடுத்தால் வாயைத் திறக்காமல் கொடுப்போம். இரண்டு மணித்தியாலம் தேடி, ஒரு வயரைச் சரியாகப் பூட்டி 5,000 கேட்டால் "ஒரு வயருக்கு ஐயாயிரமோ?" என்று சண்டை பிடிப்போம். அப்படியிருக்க அவர் ஏன் தேட வேண்டும்? சாமான் மாற்றுவதுதான் அவருக்கு லாபம், பாதுகாப்பு. "பம்பே மாத்திப் பாத்தாச்சு" என்று சொல்லவும் முடியும். யோசிக்கிற மெக்கானிக் வேண்டுமென்றால் யோசிப்பதற்கு விலை கொடுக்கப் பழக வேண்டும்.

இரண்டாவது, அந்த வயர்த் துண்டு பற்றிய அறிவு எங்கே இருக்கிறது? கம்பனியின் திருத்தக் கைநூலில். அது ஆங்கிலத்தில், அல்லது ஜப்பானிய மொழியில். பதினாறு வயதில் கராஜுக்குப் போய்க் கையால் பழகின தம்பிக்கு அது கைக்கெட்டாத இடம். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார், தமிழில் மருத்துவ நூல்கள் வெளியிட்டார் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த ஊர்களில் இன்று ஒரு கொரோலாவின் ரைமிங் வைக்கிற முறை தமிழில் ஒரு பக்கமாகக்கூட ஒரு கராஜ் சுவரில் ஒட்டியில்லை. மொழிபெயர்ப்பு ஒரு பாடமாகப் படிக்கிற கலைப்பீடத்துக்காரர் எத்தனை பேர் இருக்கிறோம்? கவிதையும் மொழிபெயர்ப்போம், நல்லது. நாலு பக்கக் கைநூல் ஒன்றையும் ஒரு மெக்கானிக்கோடு பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்துப் பார்க்கலாமே. அவருக்குத் தெரிந்த சொல்லை அவர் சொல்வார், எழுதத் தெரிந்ததை நாங்கள் எழுதலாம்.

"இதெல்லாம் ஆற்றை நேரத்தில? பின்னேரத்துக்குள்ள வாகனம் வேணும் எண்டு சனம் நிக்குது" என்று கராஜ்காரர் சொல்லலாம். ஒரு வேலைத் துண்டு எழுத ஐந்து நிமிசம் போதும். வந்த திகதி, மீற்றர், கழற்றினவை, மாற்றினவை, திரும்பப் பூட்டாமல் விட்டவை. அந்தக் கடைசி வரிதான் முக்கியம். "தேர்மோஸ்டற் கழற்றியது" என்று ஒரு வரி இருந்திருந்தால், அடுத்த மெக்கானிக் அதைப் பார்த்த உடனே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். கராஜ்காரருக்கும் அது காவல். பிறேக் இறுகினது தன் வேலையால் இல்லை என்று அந்தத் துண்டைக் காட்டியே சொல்லியிருப்பார்.

வாகனக்காரர் பக்கத்து வேலை இன்னும் சுலபம். ராங்கை பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். மீற்றரை எழுதுங்கள். இருநூறு, முந்நூறு கிலோமீற்றர் ஓடுங்கள். அதே பெற்றோல் செட்டில் அதே மாதிரித் திரும்ப நிரப்புங்கள். ஓடின தூரத்தை இரண்டாம் தரம் அடித்த லீற்றரால் பிரியுங்கள். ஒரு தரம் காணாது, இரண்டு தரம் செய்யுங்கள். இடையில் ரயர் அளவு மாற்றியிருந்தால் மீற்றரே வித்தியாசமாகக் காட்டும், அதையும் குறியுங்கள். கழற்றின பழைய சாமானை ஒரு பையில் போட்டுத் தரச்சொல்லிக் கேளுங்கள். அது உங்கட சாமான், கேட்பதில் வெட்கமில்லை.

இதில் அண்ணாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும் விட்டுவிட வேண்டிய பகுதி எதுவும் இல்லை. பிரித்தல் கணக்குத் தெரிந்த யாரும் செய்யலாம். ஸ்கூட்டி ஓடுகிற தோழிகள் எத்தனையோ பேர் "அது என்னவோ கூடக் குடிக்குது, கேட்டா விளங்காதாம்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். கொப்பியோடு போகிறவளிடம் "விளங்காது" என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

உங்கள் வீட்டு வாகனம் எதுவோ, ஸ்கூட்டியோ ஓட்டோவோ வானோ, அது இப்போது நல்லாக ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கிழமையே அளந்து எழுதி வையுங்கள். பழுதான பிறகு அளந்தால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.